இங்க்ஸ்கேப்பின் பலமும் பலவீனமும் பிறக்கும் இடம்

2025 அக்டோபர் இறுதியில் கேன்வா நிறுவனம் தன்னிடமுள்ள அஃபினிட்டி வரைகலை மென்பொருளை விலையின்றித் தரத் தொடங்கியது. அதுவரை காசு கொடுத்து வாங்கியது சும்மா கிடைக்கிறது என்றால், இனி இங்க்ஸ்கேப் என்ற தளையற்ற வெக்டர் வரைகலை மென்பொருளை எதற்குக் கற்க வேண்டும் என்ற கேள்வி உடனே எழுந்தது. கூடவே பழைய புகார்களும் திரும்பி வந்தன. இங்க்ஸ்கேப்பில் செய்ததை அச்சகத்தில் வாங்க மாட்டார்கள், நிறம் மாறிவிடும், வெட்டு இயந்திரத்தில் அளவு பிசகும், கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளின் கோப்பு சரியாகத் திறக்காது.

இந்தப் புகார்கள் உண்மையானவை. ஆனால் இவை தனித்தனிக் கோளாறுகள் இல்லை. இங்க்ஸ்கேப் எந்தக் கோப்பு வடிவத்தை அடித்தளமாக எடுத்துக்கொண்டது என்பதைப் புரிந்துகொண்டால், எந்த வேலையில் அது கை கொடுக்கும், எதில் காலை வாரும் என்பதை வேலையைத் தொடங்கும் முன்பே கணிக்கலாம்.

## வெக்டர் படம் என்றால் என்ன

புகைப்படம் என்பது புள்ளிகளின் கட்டம். பெரிதாக்கினால் கட்டங்கள் தெரியும். வெக்டர் படத்தில் புள்ளிக் கட்டம் கிடையாது. வரைவதற்கான கட்டளைகள்தான் இருக்கும். இந்தக் கணுவிலிருந்து அந்தக் கணு வரை இப்படி வளைந்து போ, உள்ளே இந்த நிறத்தை நிரப்பு, ஓரத்தில் இத்தனை மில்லிமீட்டர் கோடு போடு என்பதே கோப்பின் உள்ளடக்கம். அதனால் அதே சின்னத்தை விசிட்டிங் கார்டிலும் பதிக்கலாம், கடைப் பலகையிலும் பதிக்கலாம். கணுக்களை இணைக்கும் கோட்டைப் பாதை என்கிறோம். எழுத்தும் அடிப்படையில் பாதைதான். எழுத்துரு என்பது பாதைகளின் தொகுப்பு.

## விலை இல்லாததும் தளையில்லாததும்

இலவசம் என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு நிலைமைகளுக்குப் பயன்படுத்துகிறோம். அஃபினிட்டிக்கு விலை இல்லை. ஆனால் கேன்வா கணக்கு வேண்டும், நிரல் மூடியது, வேலைகள் சேமிக்கப்படுவது அதன் சொந்தக் கோப்பு வடிவத்தில். நிறுவனம் நாளை வேறு முடிவெடுத்தால் பயனர் செய்யக்கூடியது அதிகமில்லை.

இங்க்ஸ்கேப் ஜிபிஎல் உரிமத்தில் வருவது; அதாவது நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம். 2003இல் சோடிபோடி என்ற மென்பொருளிலிருந்து நான்கு நிரலாளர்கள் பிரிந்து வந்து இதைத் தொடங்கினார்கள். 1.0 என்ற எண்ணைத் தொட 2020 மே மாதம் வரை ஆனது. இதன் கோப்பு வடிவமான எஸ்விஜி, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2001இல் வெளியிட்ட பொதுத் தரம். இருபது ஆண்டுக்கு முந்தைய எஸ்விஜி கோப்பை இன்றைய உலாவியும் திறக்கும், சாதாரண உரைத் திருத்தியும் திறக்கும். நிறத்தின் எண்ணைக் கையால் மாற்றிக்கூடச் சேமிக்கலாம். பள்ளி, நூலகம், சிறு அமைப்பு போல வேலைகளைப் பல்லாண்டு பாதுகாக்க வேண்டிய இடங்களில் இது பெரிய விஷயம்.

## எஸ்விஜி யாருக்காகப் பிறந்தது

எஸ்விஜி இணையத்துக்காகப் பிறந்த வடிவம். அதன் இயல்பான நிற மொழி திரையின் சிவப்பு, பச்சை, நீலம். அதன் அடிப்படை அலகு பிக்சல். பல பக்கங்கள் என்ற எண்ணமே அதில் கிடையாது. இங்க்ஸ்கேப் இந்த வடிவத்தை ஏற்றுமதிக்கு மட்டும் வைத்திருக்கவில்லை. திறந்திருக்கும் ஓவியமே ஒரு எஸ்விஜி ஆவணம்தான். எடிட் மெனுவில் எக்ஸ்எம்எல் எடிட்டரைத் திறந்தால் வரைந்த ஒவ்வொன்றும் ஒரு வரியாக நிற்பதைப் பார்க்கலாம்.

இதனால் இணையச் சின்னம், ஐகான், பாடநூல் வரைபடம், விக்கிப்பீடியாவுக்கான நிலப்படம் போன்றவற்றில் இங்க்ஸ்கேப்பை மிஞ்சுவது கடினம். எஸ்விஜி தாண்டிய வசதிகளைத் தொடும்போது மட்டும் கவனம் தேவை. மெஷ் கிரேடியன்ட் (வலை போலப் பரவி நிறம் மாறும் நிரப்பு) இங்க்ஸ்கேப்பில் அழகாகத் தெரியும்; உலாவிகளில் வராது. பழைய பதிப்புகளில் பெட்டிக்குள் ஓடவிட்ட பத்தி எழுத்து, உலாவியில் தெரியாமல் போகலாம்; சில மென்பொருள்களில் வெறும் கறுப்புப் பெட்டியாகவும் நிற்கலாம். இணையத்துக்குக் கொடுக்கும் பிரதியை ‘பிளெய்ன் எஸ்விஜி’ என்று தனியாகச் சேமித்து, உலாவியில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டால் இந்தச் சிக்கல்கள் அங்கேயே தெரிந்துவிடும்.

## தமிழ் எழுத்தில் கிடைக்கும் பெரிய பலம்

தமிழில் வேலை செய்பவர்களுக்கு இங்க்ஸ்கேப் தரும் முதல் நன்மை இதுதான், ஆனால் அதிகம் பேசப்படாதது. ‘கொ’ என்ற எழுத்து யூனிகோடில் ககரமும் ஒகரக் குறியும் அடுத்தடுத்து நிற்பது. திரையில் காட்டும்போது ஒற்றைக் கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் பிரித்துப் போட வேண்டும். எழுத்துகளை இப்படிக் கோக்கும் வேலையைச் செய்ய மென்பொருளுக்குள் தனிப் பொறி தேவை. இங்க்ஸ்கேப் இதற்கு பாங்கோ, ஹார்ஃப்பஸ் என்ற இரண்டு நூலகங்களை நம்புகிறது. எந்த அமைப்பையும் மாற்றாமல், நிறுவிய நிமிடத்திலிருந்தே தமிழ் சரியாக வரும். அடோபியின் இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசரை (எழுத்தைக் கோக்கும் பொறியை) தேடித் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு இடம் மாறி நிற்கலாம். அஃபினிட்டியின் இரண்டாம் பதிப்பு வரை இந்திய மொழி எழுத்துகளைக் கோக்கும் வசதியே கிடையாது. எந்தப் புதிய மென்பொருளானாலும் ‘கொடி, மேலோர், கௌரி, ஸ்ரீ’ என்று தட்டிப் பார்த்துவிட்டு நம்புவது நல்லது.

இருந்தாலும் தமிழ் எழுத்தில் நான்கு இடங்களில் சறுக்கும்.

1. மறைமுக எழுத்துரு மாற்றம். ஏரியல் போன்ற தமிழ் இல்லாத எழுத்துருவைத் தேர்ந்து தமிழில் தட்டினாலும் எழுத்து தெரியும். கணினி தன்னிடமுள்ள வேறொரு தமிழ் எழுத்துருவை எடுத்துக் காட்டுகிறது. விண்டோஸில் நிர்மலா, லினக்ஸில் நோட்டோ அல்லது லோகித். கோப்பில் பதிவாவது ஏரியல் என்ற பெயர்தான். வேறு கணினியில் திறந்தால் எழுத்தின் அகலமே மாறி, வரி உடைந்து, வடிவமைப்பு கலைந்துவிடும். முக்த மலர், காட்டமரான், ஹிந்த் மதுரை, மீரா இனிமை, பலூ தம்பி, கவிவனார் போன்ற தமிழ் உள்ள எழுத்துருவின் பெயரையே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். இவை எல்லாம் தளையற்ற உரிமத்தில் கிடைப்பவை.

2. பழைய குறியாக்க எழுத்துருக்கள். பாமினி போன்றவற்றில் கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்து. தமிழ் உருவம் எழுத்துருவில் மட்டும் இருக்கிறது. பாமினியில் மெய்யின் மேல்புள்ளி என்பது அரைப்புள்ளிக் குறி. எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த வரி தெரிவது இதனால்தான். யூனிகோடுக்கு மாற்றி ஒட்டுவதே நிலையான வழி. பழைய சேகரிப்பில் டைப் 1 வகை எழுத்துருக்கள் இருந்தால், அவை இங்க்ஸ்கேப்பின் பட்டியலிலேயே வராது. பாங்கோ 2019இல் வந்த 1.44 பதிப்பிலிருந்து அந்த வகையைக் கைவிட்டுவிட்டது.

3. ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பாதைகள். பாத் மெனுவில் ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுத்தால் எழுத்து பாதைகளின் குழுவாக மாறும். ‘கொ’ மூன்று தனி உருவங்களாகப் பிரியும். எழுத்தோவியம் செய்பவருக்கு இது வரப்பிரசாதம்: காலைப் பிடித்து இழுத்து அடுத்த எழுத்தோடு இணைக்கலாம். ஆனால் பல எழுத்துருக்களில் ‘கி’யின் கொக்கி ககரத்தின் மேல் ஏறி நிற்கும். நிறம் நிரப்பியிருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. வினைல் வெட்டும் இயந்திரமோ உள்ளே மறைந்திருக்கும் கோட்டையும் வெட்டி, எழுத்தைத் துண்டாக்கிவிடும். வெட்டுக்கு அனுப்பும் முன் குழுவைப் பிரித்து, எல்லாவற்றையும் தேர்ந்து ‘யூனியன்’ கொடுக்க வேண்டும். காட்சி மெனுவில் ‘அவுட்லைன்’ நிலைக்குப் போனால் மிச்சக் கோடுகள் தெரியும்.

4. திருத்த முடியாமை. பாதையாக மாற்றிய எழுத்தில் ஒற்றுப்பிழை கண்டால் திருத்த வழியில்லை. எழுத்தாக உள்ள மூலக் கோப்பு ஒன்று, பாதையாக்கிய பிரதி ஒன்று என்று இரண்டையும் வைத்திருக்க வேண்டும். பெயர், முகூர்த்த நேரம், ஊர் எல்லாம் சரிபார்த்து முடித்த பிறகே பாதையாக்க வேண்டும்.

## அளவு ஏன் பிசகுகிறது

லேசர் வெட்டு, வினைல், மரச் செதுக்கல், தையல் இயந்திர எம்பிராய்டரி ஆகிய நான்கிலும் இங்க்ஸ்கேப்புக்கு நல்ல பெயர் உண்டு. எம்பிராய்டரிக்கு இங்க்ஸ்டிச் என்ற கட்டணமற்ற நீட்சியே இருக்கிறது. ஆனால் அளவுக் குழப்பம் அடிக்கடி வருவதும் இங்கேதான்.

முதல் காரணம் பிக்சல் கணக்கு. 0.91 பதிப்பு வரை இங்க்ஸ்கேப்பில் ஓர் அங்குலம் 90 பிக்சல். 2017இல் வந்த 0.92இல் இணையத் தரத்துக்கு இணங்க அது 96 ஆனது. பழைய கோப்பைப் புதிய பதிப்பில் திறக்கும்போது வரும் கேள்விப் பெட்டியைப் படிக்காமல் மூடினால், 100 மில்லிமீட்டர் துண்டு 93.75 மில்லிமீட்டராகச் சுருங்க வாய்ப்புண்டு. அதேபோல, சில வெட்டு இயந்திர மென்பொருள்கள் அங்குலத்துக்கு 72 பிக்சல் என்று எடுத்துக்கொள்ளும். அங்கே அதே துண்டு 133.33 மில்லிமீட்டராக வீங்கும். 93.75, 133.33 ஆகிய எண்களில் ஒன்று கண்ணில் பட்டால் கோளாறு எங்கே என்று உடனே தெரிந்துவிடும். ஆவண அமைப்பில் அலகை மில்லிமீட்டராகவும் ஸ்கேலை 1 ஆகவும் வைத்து, ஓவியத்துக்குப் பக்கத்தில் 100 மில்லிமீட்டர் சதுரம் ஒன்றை வரைந்து அனுப்பினால் இயந்திரத்தின் முன் நிற்பவர் ஒரு பார்வையில் சரிபார்த்துவிடுவார்.

இரண்டாவது காரணம் கோட்டின் தடிமன். மேல் பட்டையில் தெரியும் அகலம், உயரம் இரண்டும் இயல்பாகக் கோட்டின் தடிமனையும் சேர்த்தே காட்டும். 1 மில்லிமீட்டர் கோடு போட்ட செவ்வகத்துக்கு அகலம் 100 என்று கொடுத்தால், வெட்டுப் பாதை 99 மில்லிமீட்டர்தான் இருக்கும். ஒன்றுக்குள் ஒன்று பொருந்த வேண்டிய பெட்டியில் இது போதும், வேலை வீணாகிவிடும். பிரிஃபரன்சஸில் டூல்ஸ் பகுதிக்குப் போய், பவுண்டிங் பாக்ஸை ‘ஜியோமெட்ரிக்’ என்று மாற்றிவிட்டால் பாதையின் உண்மையான அளவு தெரியும்.

## பிறர் கோப்பும் நம் கோப்பும்

தமிழ்நாட்டு டிடிபி கடைகளில் நெடுங்காலமாகப் பழகிப்போனது கோரல்டிரா. அதன் சிடிஆர் கோப்பு மூடிய வடிவம். தன்னார்வலர்கள் அதை உடைத்துப் படித்து எழுதிய லிப்சிடிஆர் என்ற நூலகத்தின் வழியாகவே இங்க்ஸ்கேப் அதைத் திறக்கிறது. எளிய உருவங்கள் ஓரளவு வந்துவிடும். எழுத்தும் நிழல், லென்ஸ் போன்ற விளைவுகளும் கெடும். சிடிஆராகத் திரும்பச் சேமிக்க வழி இல்லை. எனவே பழைய கடையிலிருந்து கோப்பு வாங்கும்போது, எழுத்தை வளைகோடாக்கிய (பாதையாக்கிய) பிடிஎஃப் கேட்டு வாங்குவதே பாதுகாப்பு. இல்லஸ்ட்ரேட்டரின் ஏஐ கோப்பு, பிடிஎஃப் இணக்கத்தோடு சேமிக்கப்பட்டிருந்தால் மட்டுமே திறக்கும்.

தமிழ்ப் பிடிஎஃப் திறக்கும்போது ஒரு நுணுக்கம் உண்டு. இறக்குமதிப் பெட்டி இரண்டு வழிகளைக் காட்டும். உள் இறக்குமதி எழுத்தை எழுத்தாகவே கொண்டுவர முயலும். பிடிஎஃபில் தமிழ் பெரும்பாலும் காட்சி வரிசையில் கிடப்பதால் கொம்பும் காலும் சிதறும். பாப்லர் வழி எழுத்தை உருவமாகக் கொண்டுவரும். திருத்த முடியாது, ஆனால் பார்க்க அச்சு அசலாக இருக்கும். வெறும் உருவம் போதும் என்றால் பாப்லர்தான்.

பல பக்க வசதி 2022இல் 1.2 பதிப்பில் வந்தது. விசிட்டிங் கார்டின் இரு பக்கம், நான்கு பக்க அழைப்பிதழ் வரை அது போதும். பக்க எண், பக்கம் தாண்டி ஓடும் உரை எல்லாம் வேண்டிய மலருக்கும் புத்தகத்துக்கும் ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் பக்கம் போவதே முறை.

வேகத்திலும் குறை உண்டு. மங்கல் விளைவு, பல்லாயிரம் கணுக்கள், பிட்மேப்பிலிருந்து (புள்ளிக் கட்டப் படத்திலிருந்து) தடம் எடுத்த சிக்கலான படம் ஆகியவை சேர்ந்தால் திரை தடுமாறும். தடம் எடுத்த உடனே கன்ட்ரோல்-எல் அழுத்திக் கணுக்களைக் குறைப்பது நல்லது. அதையே நான்கைந்து தடவை அடுத்தடுத்து அழுத்தினால் வளைவு உருக்குலையும்.

## அச்சகத்தில் நிறம் மாறுவது ஏன்

இங்க்ஸ்கேப்பின் மெய்யான பலவீனம் இங்கேதான். ஆஃப்செட் இயந்திரம் சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளால் அச்சிடுகிறது. இங்க்ஸ்கேப்பில் நிறத்தை சிஎம்ஒய்கே (இந்த நான்கு மைகளின்) பட்டையில் தேர்ந்தாலும், 1.4 வரையிலான பதிப்புகள் பிடிஎஃப் எழுதும்போது ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) எண்களைத்தான் கொடுக்கின்றன. பிடிஎஃப் எழுதும் கெய்ரோ நூலகத்துக்கு நான்கு மை கணக்கு தெரியாது. மாற்றும் பொறுப்பு அச்சகத்தின் கைக்குப் போகிறது.

அங்கே நடப்பது என்ன? திரையின் சுத்த நீலம் ஊதாவாகும், மின்னும் பச்சை மங்கும். இதைவிடக் கெடுதல் கறுப்பில் வரும். ஆர்ஜிபி 0,0,0 என்ற கறுப்பை ஒரு வழக்கமான மாற்று முறை சியான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று நான்காகப் பிரிக்கும். கூட்டினால் 300 விழுக்காடு மை. ரெஜிஸ்டர், அதாவது நான்கு மைகளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் இடம், ஒரு மயிரிழை விலகினாலும் 8 புள்ளி எழுத்தின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் நிழலாடும். சிறிய எழுத்துக்குத் தேவை கறுப்பு 100, மற்ற மூன்றும் பூச்சியம். தனி மை (நான்கு மைகளைக் கலக்காமல் ஒரே நிறமாக வரும் மை), ஓவர்பிரிண்ட் (ஒரு மையின் மேல் இன்னொன்றை அச்சிடுவது) ஆகியவற்றுக்கும் இங்க்ஸ்கேப்பில் வழி கிடையாது.

இதைச் சமாளிக்க ஸ்கிரைபஸ் வழியாகப் போகலாம். அதுவும் தளையற்ற மென்பொருள்தான்.

1. இங்க்ஸ்கேப்பில் முடிந்தவரை தட்டையான நிறங்களை மட்டும் வைக்கவும். ஒளிபுகும் நிறம், மங்கல் இரண்டையும் தவிர்க்கவும். எழுத்தைப் பாதையாக்கி, பிளெய்ன் எஸ்விஜியாகச் சேமிக்கவும்.
2. ஸ்கிரைபஸில் பக்க அளவோடு சுற்றிலும் 3 மில்லிமீட்டர் பிளீட் (வெட்டுக்கு வெளியே நீளும் ஓரம்) கொடுத்து ஆவணம் திறந்து, எஸ்விஜியை வெக்டர் கோப்பாக இறக்குமதி செய்யவும்.
3. எடிட் மெனுவில் நிறப் பட்டியலைத் திறந்தால் எஸ்விஜியிலிருந்து வந்த ஒவ்வொரு நிறமும் தனிப் பெயரில் நிற்கும். ஒவ்வொன்றையும் சிஎம்ஒய்கே ஆக்கி, அச்சிட்ட நிற அட்டையைப் பார்த்து எண் கொடுக்கவும். கறுப்பை 0, 0, 0, 100 ஆக்கவும். ஓவியத்தில் நாற்பது நிறம் இருந்தால் நாற்பது முறை செய்ய வேண்டும். முதல் படியில் நிறத்தைக் குறைக்கச் சொன்னது இதற்குத்தான்.
4. பிடிஎஃப் ஏற்றுமதியில் நிறப் பகுதிக்குப் போய், வெளியீடு ‘பிரின்டர்’ என்று மாற்றி, வெட்டுக் குறிகளையும் பிளீடையும் சேர்த்துச் சேமிக்கவும்.

நிழலும் மங்கலும் தவிர்க்க முடியாதவை என்றால், இங்க்ஸ்கேப்பிலிருந்து நேராகப் பிடிஎஃப் எடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். விளைவு உள்ள பகுதிகள் பிட்மேப்பாக மாறும். சேமிக்கும் பெட்டியில் அதற்கான தெளிவு இயல்பாக 96 என்றிருக்கும். அதை 300 ஆக்காவிட்டால் எழுத்து கூர்மையாகவும் நிழல் கட்டம் கட்டமாகவும் அச்சாகும்.

ஒற்றை நிற வேலைகளுக்கு இந்தச் சுற்று வேண்டாம். பில் புத்தகம், கறுப்பு நோட்டீஸ், ஸ்க்ரீன் பிரிண்டிங் எல்லாவற்றுக்கும் தேவை கறுப்பு மட்டுமே. ஸ்க்ரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்தையும் ஒரு லேயரில் வைத்து, எல்லாவற்றையும் கறுப்பாக்கி, ஒவ்வொரு லேயராகக் காட்டிப் பாசிட்டிவ் (அச்சுத் திரை தயாரிக்க உதவும் கறுப்புப் படலம்) எடுக்கலாம். எக்ஸ்டென்ஷன்ஸ் மெனுவில் ரெண்டர் பகுதியிலிருக்கும் ‘பிரிண்டிங் மார்க்ஸ்’ நீட்சி ரெஜிஸ்டர் குறிகளைத் தானே போட்டுத்தரும்.

## ஃப்ளெக்ஸ் பேனர்

ஃப்ளெக்ஸ் இயந்திரத்தோடு வரும் ரிப் (படத்தை அச்சுப் புள்ளிகளாக மாற்றும்) மென்பொருள் ஆர்ஜிபி படத்தை வாங்கித் தானே மைக்கு மாற்றிக்கொள்ளும். அதனால் நிறச் சிக்கல் இங்கே குறைவு. பார்க்க வேண்டியது பிக்சல் எண்ணிக்கை. தூரத்திலிருந்து பார்க்கும் பேனருக்கு அங்குலத்துக்கு 72 புள்ளி போதும். 10 அடிக்கு 8 அடி என்றால் 8,640க்கு 6,912 பிக்சல்; இதை இங்க்ஸ்கேப் சிரமமின்றி பிஎன்ஜியாகக் கொடுக்கும். ஆனால் கெய்ரோ நூலகத்தில் ஒரு படத்தின் எந்தப் பக்கமும் 32,767 பிக்சலைத் தாண்டக் கூடாது. 40 அடி நீளத்தை 72 புள்ளியில் எடுத்தால் 34,560 பிக்சல் ஆகும்; எல்லை மீறிவிடும். அங்கே 50 புள்ளிக்கு இறக்கி 24,000 பிக்சலாக எடுக்கலாம். கிட்டத்தில் நின்று படிக்க வேண்டிய பேனர் என்றால், பாதியாகப் பிரித்து இரண்டு கோப்பாக 72 புள்ளியிலேயே எடுத்து, ஒட்டும் இடத்தில் ஒரு அங்குலம் மேலேறும்படி விட்டுக் கொடுக்கலாம்.